மேஸ்திரி வேலையில்தான் இருக்கிறார், மதினி

என் உசிருக்கு உசிரான மதினிக்கு,

தண்ணீர் சிவப்புக் கோட்டில்தான் நிற்கிறது. அதை முதலில் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது என்று எனக்குத் தெரியும். மில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மீன் தொட்டியை எட்டிப் பார்க்கிற ஆள் நீங்கள். "இங்க ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்" என்று அண்ணன் முனகுவான். "நீங்க ஆவியாப் போயிற மாட்டீங்க, தண்ணி போயிரும்" என்பீர்கள்.

கறுப்பு மோலி நேற்று மறுபடியும் குட்டி போட்டிருக்கிறது. இருபத்திமூன்று என்கிறாள் உங்கள் மகள் ஜெனி. இருபதுதான் என்கிறார் உங்கள் அருமை மாமியார். காலையிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஆமாம் மதினி, எங்கள் அம்மாவேதான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மீன் குஞ்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள். நம்ப முடிகிறதா உங்களால்?

நீங்கள் போய் வருசம் ஒன்று ஆகிறது. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது. அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடாமல் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாதது கடைசியில் வருகிறது.

சாணார்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போட்ட குடும்பத்தில் பிறந்த சகாயமேரியான நீங்கள், தொண்ணூற்றாறில் என் அண்ணனைக் கட்டிக்கொண்டு திண்டுக்கல் மேட்டுப்பட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. முதல் போனஸ் வாங்கியதும் உங்கள் கூட்டாளிகள் எல்லாரும் பட்டுச் சேலை எடுத்தார்கள். நீங்கள் ஆட்டோவில் ஒரு இரண்டடிக் கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினீர்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் பையில் நாலு தங்க மீன், நாலு கறுப்பு மோலி.

"சேலை எடுத்துட்டு வருவான்னு பாத்தா, இவ தண்ணிய அடைக்கப் பொட்டி வாங்கிட்டு வாரா" என்றாள் அம்மா. "நம்ம ஊர்ல மனுசனுக்கே தண்ணி இல்ல. இதுல மீனுக்கு வேற குடித்தனமா?"

அம்மா சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் தெருவில் நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும், சில சமயம் பதினைந்து நாள் ஆகும். வந்ததைக் குடத்தில் பிடித்து மூடி வைத்து, குடிக்கவும் சோறு ஆக்கவும் மட்டும் எடுப்போம். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாவற்றுக்கும் போரில் வரும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீரில் யாராவது கை கழுவினால் அம்மா அன்றைக்கு முழுக்கத் திட்டுவாள். அப்படிப்பட்டவள் உங்கள் தொட்டிக்கு இரண்டு நிபந்தனை போட்டாள். குடத்துத் தண்ணீர் ஒரு சொட்டு அதற்குள் போகக் கூடாது. அந்த மீனுக்காக வீட்டில் வேறு யாரையும் வேலை ஏவக் கூடாது.

"சரிங்கத்தை" என்றீர்கள். அந்த வீட்டில் உங்களுடையது என்று இருந்தது அந்த ஒரு தொட்டிதான். கட்டில் சீதனம், பீரோ சீதனம், அதெல்லாம் ஊர் முறைக்கு வந்தது. தொட்டி மட்டும் உங்கள் ஆசைக்கு வந்தது. அது எனக்கு அப்போது புரியவில்லை.

தொண்ணூற்றெட்டு ஏப்ரலில் உங்கள் தம்பி கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போனீர்கள். வெயில் கொளுத்தியது. ஹாலில் ஃபேன் ஓட ஓட, தொட்டித் தண்ணீர் தினமும் அரை விரல் குறையும். தண்ணீர் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால் ஃபில்டர் மோட்டார் காய்ந்து எரிந்துவிடும். அதனால் அம்மாவுக்குத் தெரியாமல் என்னிடம் சொல்லிவிட்டுப் போனீர்கள். "ஸ்டெல்லா, தெனம் காலைல ரெண்டு செம்பு ஊத்திரு புள்ள. அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். அதைக்கூட நான் செய்யவில்லை. அப்போது ஒரு எஸ்டிடி பூத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரில் உள்ள எல்லார் வீட்டு போன் நம்பரும் மனப்பாடம். இரண்டு செம்புத் தண்ணீர் மட்டும் மறந்துபோனது. நாலாம் நாள் நீங்கள் மாலையும் லட்டுமாக உள்ளே நுழைந்தபோது வீட்டில் எரிந்த ரப்பர் வாடை அடித்தது. மோட்டார் நின்றுவிட்டது. இரண்டு தங்க மீன் வயிறு மேலே தெரிய மிதந்தன.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சத்தம் போட்டிருப்பேன். நீங்கள் அந்த மீன்களை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். நான்தான் அழுதேன்.

"ஒன் மேல தப்பு இல்ல புள்ள. ஞாபகத்த நம்புனதுதான் தப்பு. எங்க மில்லுல ஞாபகத்த நம்பி நூல் சுத்துற ஒரு கதிருகூட ஓட்ட மாட்டாங்க."

அப்புறம் அந்த ஈர அறையைப் பற்றிச் சொன்னீர்கள். பஞ்சுக்கு ஈரக் காற்று வேண்டும், காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதற்காக மில்லில் ஒரு தனி அறையில் தண்ணீரைத் தூவி, அந்தக் காற்றை உள்ளே அனுப்புவார்கள். அந்த அறையின் தொட்டியில் ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் குறைந்தால் பந்து இறங்கும், குழாய் திறக்கும். நிறைந்தால் பந்து ஏறும், குழாய் மூடும். "அதுக்கு ஆளே கெடையாது ஸ்டெல்லா. சாப்பாட்டு நேரத்துல நான் போயி வேடிக்க பாத்துக்கிட்டே நிப்பேன். அந்த மாதிரி ஒண்ணு நம்ம செஞ்சா என்ன?"

செஞ்சா என்ன? அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை.

முதலில் கோழிப் பண்ணை முறை. உங்கள் ஊரில் கோழிக்குத் தண்ணீர் வைப்பதுபோல் இரண்டு லிட்டர் கலர் சோடா பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, வாய் தண்ணீரின் மேல்மட்டத்தைத் தொடும்படி கட்டினோம். தண்ணீர் இறங்கியதும் வாய் வழியே காற்று போய், பாட்டில் 'குபுக்' என்று கொஞ்சம் ஊற்றும். அருமையாக வேலை செய்தது. ஆனால் இரண்டே நாளில் பாட்டில் காலி. அதைத் திரும்ப நிரப்பவும் ஞாபகம் வேண்டுமே! "ரெண்டு செம்ப மறந்தவ ரெண்டு பாட்டில ஞாபகம் வச்சிக்கிருவாளாக்கும்" என்றான் அண்ணன். வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டானே.

அடுத்தது பெரிய முயற்சி. இருபது லிட்டர் கேனைப் பீரோ மேல் ஏற்றினோம். மருந்துக் கடையில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் வாங்கி கேனில் சொருகினோம். பந்துக்கு எங்கே போவது? நான் போட்டோ ஸ்டுடியோவில் கெஞ்சி ஒரு ஃபிலிம் டப்பா வாங்கி வந்தேன். கோயிலில் மிச்சமான மெழுகுவர்த்தியை உருக்கி அதன் வாயை அடைத்தீர்கள். சைக்கிள் கடையில் ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பியும் ஒரு சாண் வால்வு டியூப்பும் வாங்கினோம். வால்வு டியூப் மெல்லிசு, விரலால் லேசாக அமுக்கினாலே அடைபடும். அதை குளுக்கோஸ் டியூப்பின் நுனியில் மாட்டினீர்கள்.

என் பள்ளிக்கூட மர ஸ்கேலில் ஒரு ஆணி அடித்து, அதைத் தொட்டி விளிம்பில் துணி கிளிப்பால் பிடித்தாயிற்று. கம்பியின் ஒரு முனை ஆணிக்குக் கீழே ஸ்கேல் ஓட்டையில் ஆடும்படி சொருகியிருக்கும், ஆணிக்கும் கம்பிக்கும் நடுவில் வால்வு டியூப். கம்பியின் மறுமுனையில் ஃபிலிம் டப்பா மிதக்கும். தண்ணீர் ஏறினால் டப்பா ஏறும், கம்பி டியூப்பை ஆணியோடு சேர்த்து நசுக்கும், தண்ணீர் நிற்கும். இறங்கினால் கம்பி விலகும், சொட்ட ஆரம்பிக்கும். எங்கே நிற்க வேண்டும் என்று கண்ணாடியில் ஒரு கோடு வேண்டும் என்றீர்கள். என் நகப்பாலீஷை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சிவப்புக் கோடு இன்னும் அழியவில்லை மதினி. அந்தப் பாலீஷை என் விரலில் போட்டால் இரண்டு நாளில் உரிந்துவிடும்.

அந்த அமைப்புக்கு 'மேஸ்திரி' என்று நீங்கள்தான் பேர் வைத்தீர்கள். மில்லில் உங்களை மேய்க்கிற மேஸ்திரி எப்போதும் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாராம். "ஆனா இவரு நல்லவரு. லீவு கேக்க மாட்டாரு, டீ கேக்க மாட்டாரு" என்றீர்கள். முதல் சொட்டு விழுந்து, டப்பா மெதுவாக ஏறி, கோட்டுக்குச் சரியாக வந்து, சொட்டு நின்றபோது நாம் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா என்னமோ ஏதோ என்று ஓடி வந்தார். இத்தனை வருசத்தில் எனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, சொந்த வீடு கட்டியிருக்கிறேன். ஆனால் அந்தச் சொட்டு நின்ற சந்தோசம் தனி.

மேஸ்திரி மூன்றாவது நாளே மானத்தை வாங்கினார். அன்றைக்கு மத்தியானம் அம்மா பீரோவை ஒட்டிப் பாயை விரித்துப் படுத்திருந்தாள். வால்வு டியூப் மாட்டிய இடம் படக்கென்று கழன்றது. கேனில் இருந்த அவ்வளவு தண்ணீரும் பீரோ வழியாக இறங்கியது. அம்மா எழுந்தபோது பாய் மிதந்தது, தலையணை ஊறியது, அம்மாவின் கொண்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அண்ணன் மட்டும் சிரித்துவிட்டான். அதுதான் நமக்கு வினையாகப் போனது.

"போதும். இன்னொருக்கா ஏதாச்சும் ஒண்ணு ஆச்சு, ஒரு மீனு செத்துச்சு, ஒரு சொட்டு கீழ விழுந்துச்சு, இந்தப் பொட்டி மீன் கடைக்கே திரும்பப் போகும். சொல்லிப்புட்டேன்" என்றாள் அம்மா. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாசலில் ஆட்டோ நிறுத்தியிருந்தால் அன்றைக்கே ஏற்றியிருப்பாள்.

மாட்டிய இடத்தில் நூலால் கட்டச் சொல்லி என்னிடம் மில் நூலைக் கொடுத்திருந்தீர்கள். "செத்த நேரத்துல கட்டுறேன் மதினி" என்றேன். மறந்துவிட்டேன். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அம்மா முன்னால் நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் அத்தை சரியாக் கட்டல" என்றீர்கள். நான் தரையைத் துடைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன். உங்கள் தொட்டி போய்விடும் என்ற நிலையில்கூட என்னைக் காட்டிக்கொடுக்கத் தோன்றவில்லை உங்களுக்கு. அது எப்படி முடிந்தது?

அப்புறம் நீங்களே முடிச்சுப் போட்டீர்கள். அறுந்த நூலை மில்லில் கண் இமைக்கிற நேரத்தில் முடிகிற அந்த முடிச்சு. மேஸ்திரி அடங்கினார். ஒரு வருசம் ஒரு சொட்டு கீழே விழவில்லை. இருபது நாளைக்கு ஒரு தடவை கேனை உப்புத் தண்ணீரால் நிரப்பினால் போதும். தெருவில் உள்ளவர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். தைரியம் வந்து, ஜோடி ஏஞ்சல் மீன் வாங்கி விட்டீர்கள், வெள்ளையும் கறுப்பும் பட்டை போட்டு, பாவாடை விரித்தமாதிரி.

பிரச்சினை அங்கேதான் வந்தது. மோலிகள் குடும்பம் குடும்பமாகப் பெருகின. ஏஞ்சல்கள் மட்டும் சோர்ந்துபோய் மூலையில் நின்று மேலே வந்து மூச்சு வாங்கின. கண்ணாடியில் கோட்டுக்கு மேலே வெள்ளையாகச் சுண்ணாம்புபோல் படிந்தது. மேஸ்திரியின் கம்பியிலும் வெள்ளை. ஒன்று செத்தால் தொட்டி போய்விடும். நீங்கள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

விடை அடுப்படியில் இருந்தது. குளிக்க உப்புத் தண்ணீர் காய வைக்கிற பானையை அம்மா புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடியில் தடிமனாக வெள்ளை. நீங்கள் அதை நகத்தால் சுரண்டி, நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினீர்கள்.

"ஏ புள்ள, நம்ம எம்புட்டுப் பெரிய கூறுகெட்டவளுக! ஆவியாப் போறது தண்ணி மட்டுந்தான். உப்பு எங்க போகும்? இங்கேயேதான் உக்காந்திருக்கு. அதுக்கு மேல தெனம் உப்பையே ஊத்திக்கிட்டு இருக்கோம். மேஸ்திரி சரியாத்தான் ஊத்துறாரு, நம்ம குடுக்குற தண்ணிதான் தப்பு."

திண்டுக்கல்காரிகளைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது. நல்ல தண்ணீரைத் தொண்டைக்குத் தவிர வேறு எதற்கும் கொடுக்கலாம் என்கிற நினைப்பே நமக்கு வந்ததில்லை. மோலிக்கு உப்பு ஒத்துக்கொண்டது, அது நம்மைப்போல. ஏஞ்சல் வெளியூர்.

பாதித் தண்ணீரை மாற்றலாம், அது ஒரு நாள் வேலை. ஆனால் தினமும் குறைகிற ஒரு லிட்டருக்கு நல்ல தண்ணீர் வேண்டுமே. அம்மாவின் குடத்தில் கை வைக்க முடியாது. நான் நாளெல்லாம் யோசித்தேன். நீங்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. ஆனால் ஒரு வாரத்தில் ஏஞ்சல்கள் தெளிந்து, நடுத்தொட்டிக்கு வந்து பாவாடையை விரித்தன.

எப்படி என்று அம்மாதான் கண்டுபிடித்தாள். மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பும்போது உங்கள் மில் பாட்டிலில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் பிடித்துக்கொள்வீர்கள். அது வேலைக்குப் போகிற ஆளின் பங்கு, அதை அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்கு நீங்கள் ஸ்டூல் மேல் ஏறி அந்தப் பாட்டிலைக் கேனில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றாள்.

"வெறும் பாட்டிலத் தூக்கிக்கிட்டா தெனம் போற?"

"மில்லுல தண்ணி இருக்குங்கத்தை. கொஞ்சம் துவர்ப்பு. அம்புட்டுத்தான்."

"மீனு நல்ல தண்ணி குடிக்கும், நீ துவர்ப்புத் தண்ணி குடிப்பியா?"

"இது எம் பங்குதான அத்தை. ஒங்க குடத்துலருந்து ஒரு சொட்டு எடுக்கல."

அம்மா அந்த வெறும் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். "ஒம் பங்கு, என்னமும் பண்ணித் தொலை. எனக்கும் அந்த மீனுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்றைக்கு உங்கள் தூக்குச்சட்டியில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் இரண்டு மடங்கு இருந்ததாக அப்புறம் சொன்னீர்கள்.

அடுத்த மே மாதம் குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போனோமே, பத்து நாள். கிளம்புகிற அன்றைக்குக் குடங்களில் நல்ல தண்ணீர் மிச்சம் இருந்தது. பத்து நாள் கிடந்தால் புழு வைத்துவிடும். அதைக் கொட்டவும் அம்மாவுக்கு மனசு வராது. நான் கேனைப் பார்த்தேன், நீங்கள் குடத்தைப் பார்த்தீர்கள். "ஊத்துங்கடி, ஊத்துங்க. நான் பாக்கல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள் அம்மா. திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீடே அனலாகக் கொதித்தது. தொட்டியில் தண்ணீர் சிவப்புக் கோட்டில். ஏஞ்சல் இரண்டும் நம்மை எதிர்பார்த்ததுபோல் முன்னால் வந்து நின்றன. நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றியதில் என் தலை ஃபேனில் இடிக்கப் பார்த்தது.

அப்புறம் ஜெனி பிறந்தாள். நான் கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் போனேன். ஏஞ்சல்கள் வயசாகிச் செத்தன, புதுசு வந்தன. வால்வு டியூப்பை வருசத்துக்கு ஒரு தடவை மாற்றினீர்கள். மேஸ்திரி மட்டும் அதே மேஸ்திரி.

போன வருசம் ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்த்தேன். நெஞ்சு வலி என்றார்கள், சரியாகிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். "கேன மட்டும் பாத்துக்க புள்ள" என்றீர்கள். "மறக்க மாட்டேன் மதினி" என்றேன். "நீ மறப்ப. அதுக்குத்தான மேஸ்திரியச் செஞ்சோம்" என்று கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். மறுநாள் நீங்கள் இல்லை.

இனிமேல்தான் உங்களுக்குத் தெரியாத கதை.

நான் மறந்துவிட்டேன் மதினி. உங்களை அடக்கம் பண்ணிவிட்டு, அண்ணனையும் ஜெனியையும் பார்த்து அழுதுவிட்டு, ஒட்டன்சத்திரம் திரும்பிவிட்டேன். கேன் என் நினைப்பிலேயே வரவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும்போது, எனக்கு முன்னால் ஒரு பொம்பளைப் பிள்ளை தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் குடித்தது. அப்போதுதான் சுருக்கென்றது. கேன் இருபது நாள்தான் தாங்கும். முப்பது நாள் ஆகிவிட்டது. நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஏனுங்க, உக்காருங்க. நீங்க நின்னா பஸ்ஸு வெரசாப் போயிருமுங்களா?" என்றார் கண்டக்டர். எரிந்த ரப்பர் வாடை மூக்கில் அடித்தது. பஸ்ஸுக்குள் அப்படி ஒரு வாடையும் இல்லை என்று எனக்கே தெரியும்.

செருப்போடு வீட்டுக்குள் ஓடினேன். உங்களைப்போலவே, யாரையும் பார்க்காமல் நேராகத் தொட்டிக்கு.

தண்ணீர் சிவப்புக் கோட்டில் நின்றது.

ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. மீன் அத்தனையும் இருந்தன. அண்ணாந்து கேனைப் பார்த்தேன், முக்கால் கேன் தண்ணீர். பீரோவுக்குப் பக்கத்தில் உங்கள் ஸ்டூல் கிடந்தது. அதன் மேல் உங்கள் மில் பாட்டில், ஈரமாக.

ஜெனிக்கு எட்டாது. அண்ணன் அந்த ஒரு மாசம் தன் சட்டைப் பொத்தானையே சரியாகப் போடவில்லை. நான் அடுப்படிக்குப் போனேன்.

"யாரும்மா கேன்ல ஊத்துனது?"

"நாந்தான். ஏன்?" அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு முட்டி வலி. ஸ்டூல்ல ஏறுனியா? தெனமுமா?"

"தெனமுந்தான். குடத்துத் தண்ணிய ஆளாளுக்குப் பங்கு வைக்கிறப்ப அவ பாட்டிலுக்கும் கை போயிருது. பிடிச்சு வச்சிட்டேன். அவ இல்லைங்கிறதுக்காக அவ பங்க நம்ம குடிச்சிர முடியுமா? அவ என்ன பண்ணுவாளோ அத பண்றேன். ஏறி ஊத்திர்றேன். இதுல ஒனக்கென்னடி?"

வெங்காயம்தான் காரணம் என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். அழுது முடித்தபிறகு, ஒன்பது வருசமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன். "அம்மா, அன்னைக்கு ஒன் மேல தண்ணி கொட்டுச்சுல்ல. நூல் கட்ட மறந்தது மதினி இல்ல. நான்."

"தெரியும்டி" என்றாள் அம்மா. "அவ போட்ட முடிச்சு என்னைக்கு அவுந்திருக்கு?"

அப்போது சிரிக்க ஆரம்பித்தோம் மதினி. உங்கள் முப்பதாம் நாள் பூசைக்கு வீடு நிறைய சனம் வந்துகொண்டிருக்கிறது, மாமியாரும் நாத்தனாரும் அடுப்படியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரிக்கிறோம். எட்டிப் பார்த்த அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவனும் சிரித்தான், அந்த மாசத்தில் முதல் தடவையாக.

அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் உங்களைத் திட்டினாளா, அல்லது தெரிந்ததால்தான் தொட்டியை அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றாமல் விட்டாளா? கேட்டேன். "போடி, வேலையப் பாரு" என்கிறாள். நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இப்போது ஒட்டன்சத்திரத்தில் எங்கள் வீட்டிலும் ஒரு தொட்டி இருக்கிறது. உங்கள் மோலிகளில் எட்டைக் கொண்டுபோனேன். ஃபிலிம் டப்பா இப்போது எந்த ஸ்டுடியோவிலும் கிடைப்பதில்லை, இருமல் மருந்து டப்பாவை வைத்து ஒரு சின்ன மேஸ்திரி செய்திருக்கிறேன். கோடு மட்டும் அதே நிறத்தில். டியூப்பில் முடிச்சுப் போட்டது ஜெனி. நீங்கள் எப்போது அவளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள்? கண் இமைக்கிற நேரம், முடிந்துவிட்டது. இழுத்து இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

மறக்க மாட்டேன் என்று நான் உங்களுக்கு இனிமேல் சத்தியம் செய்ய மாட்டேன். நீங்கள் அங்கே உட்கார்ந்து சிரிப்பீர்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன். அம்மாவால் ஸ்டூலில் ஏற முடியாத நாள் வரும். அன்றைக்கு நானோ ஜெனியோ ஏறுவோம், ஒருத்தி மறந்தால் இன்னொருத்தி ஏறுவாள். இந்த வீட்டில் குடம் நிறைகிற வரைக்கும் உங்கள் பாட்டிலும் நிறையும். உங்கள் பங்கு உங்கள் மீனுக்குத்தான் போகும், மதினி. எங்கள் யார் தொண்டையிலும் இறங்காது.

மேஸ்திரிக்கு வருசத்துக்கொரு புது வால்வு டியூப் மாட்டி, முடிச்சை இரண்டு தடவை சரிபார்க்கிற
உங்கள் மறதிக்கார நாத்தனார்,
ஸ்டெல்லா